சிவப்பு நூல் கட்டிய மத்து

மணி மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது சென்னியப்பன் அடுக்களைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். முழுக்கச் சாத்தினால் அவள் கூப்பிடுவது கேட்காதே என்று ஒரு விரல் அளவு மறுபடியும் திறந்து வைத்தார். அந்த இடுக்கு வழியாகப் பக்கத்து அறையின் மின்விசிறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. விசிறிக்குக் கீழே அவர் மனைவி தெய்வானை தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று கரண்டி ரசஞ்சோறு சாப்பிட்டாள். “நல்லாருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். பிற்பாடு தன் பங்கை வாயில் வைத்தபோதுதான் ரசத்தில் உப்பே போடவில்லை என்பது சென்னியப்பனுக்குத் தெரிந்தது. நல்லாருக்குது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து சுலபத்தில் வராத சொல் அது. கல்யாணப் பந்தியில் சாம்பாரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, பருப்பு பழசு என்பாள். பால்காரர் கேனைத் திறக்கும்போதே, மாட்டுக்குத் தீனி மாத்தியிருக்கறாங்க என்பாள். நாலு வீடு தள்ளிக் கடுகு கருகினால் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். சென்னியப்பனுக்கு மூக்கு என்று ஒன்று முகத்தில் இருந்ததே தவிர, முப்பது வருஷக் கொப்பரைத் தூசியும் கொப்பரை பூசணம் பிடிக்காமலிருக்க மூட்டும் கந்தகப் புகையும் அதை எப்போதோ தின்றுவிட்டன. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நாக்கு சொல்வதோடு சரி. இந்த வீட்டுக்கு மூக்கு அவள்தான். வைகாசியில் மருந்து ஏற்ற ஆரம்பித்து மூன்றாவது வாரம் அந்த மூக்கும் போய்விட்டது. “எதத் தின்னாலும் ஈரத்துணிய மெல்லற மாதிரி இருக்குதுங்க” என்று ஒரே ஒரு நாள் சொன்னாள். இப்போது ஆடி. இந்த ஆறு வாரமாக அப்படிக்கூடச் சொல்வதில்லை. எதைக் கொடுத்தாலும் மூன்று கரண்டி, ஒரு நல்லாருக்குது.

வெளியே சாரல். பொள்ளாச்சியில் ஆடிச் சாரல் விழுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. ஜன்னல் கம்பியில் கோத்த சொட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மகள் யமுனா போன ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குத் திரும்பும் முன் வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ மரம் வைத்திருக்கிற ஒரு தோட்டத்து அம்மா, கொட்டையைக் காயவைத்து, வறுத்து, அரைத்து, வீட்டிலேயே கட்டி போட்டு விற்கிறாராம். பொட்டலத்தில் இருநூறு கிராம் என்று பேனாவால் எழுதியிருந்தது. கையில் வாங்கியதுமே சென்னியப்பனின் கை சொன்னது: இருநூற்றிப் பத்து. நல்ல மனுஷி, குறைத்து வைக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதை யமுனா முந்தாநாள் போனில் பேசி அனுப்பியிருந்தாள். மூன்று நிமிடப் பேச்சு. சத்தத்தைக் குறைத்துக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். “அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. பெரிய பாத்திரத்துல தண்ணி காயட்டும். அதுமேல சின்னக் கிண்ணத்த வெச்சு, அதுல சாக்லேட்ட ஒடச்சுப் போடுங்க. நேரா அடுப்புல வெச்சுறாதீங்க, கருகிப்போயிரும். உருகுனதும் வறுத்த கடலைய ஒண்ணு ரெண்டா நுணுக்கிப் போட்டு, தட்டுல சின்னச் சின்னதாக் கிள்ளி வையுங்க. புளியங்கொட்டை அளவு இருந்தா அம்மா வேண்டாம்னு சொல்லாது, சும்மா வாயில போட்டுக்கும். ஆனா ஒண்ணு, தண்ணி மட்டும் ஒரு சொட்டுப் படக்கூடாதுங்கப்பா.” அந்த இடத்தில் அறைக்குள்ளே கட்டில் முனகியது. சென்னியப்பன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார். அவள் புரண்டு படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். மிச்சப் பேச்சைக் கேட்காமலே விட்டார். தண்ணி படக்கூடாது, அதுதானே முக்கியம்.

கத்தியால் கட்டியை உடைத்தபோது அது உடைகிற ஓசை நன்றாக இருந்தது. காய்ந்த கொப்பரையை நகத்தால் தட்டினால் வருமே, அந்த மாதிரி வறட்டென்று ஓர் ஓசை. நல்ல கொப்பரை பேசும். ஈரக் கொப்பரை ஊமை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடைபோடும் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே அதைக் கற்றுக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் தராசுக்கு முன்னால் நின்றதில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் கேட்காமலே சொல்லும். காய்கறிப் பையைத் தூக்கினால் சொல்லும். பிறந்து ஒரு மணி நேரம் ஆன யமுனாவை நர்ஸ் கையில் கொடுத்தபோது, இரண்டே முக்கால் என்று சொன்னது. நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்போதெல்லாம் அந்தக் கையை நினைத்து அவருக்குப் பெருமைதான். இந்த ஒன்பது வாரமாக அதை எங்கேயாவது கழற்றி வைத்துவிட முடியாதா என்று இருக்கிறது. தினமும் காலையில் தெய்வானையின் அக்குளில் கைகொடுத்துக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கிறபோது, வேண்டாம், சொல்லாதே, என்று அவர் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார், ஜன்னலைப் பார்ப்பார், மழை வருமாட்டம் இருக்குது என்பார். கை சொல்லிவிடும். இன்று காலை சொன்னது: முப்பத்தொன்பதே முக்கால். போன தடவை ஆஸ்பத்திரி மெஷினில் நாற்பத்தொன்று நானூறு. “நாற்பதுக்குக் கீழ எறங்குனா அடுத்த மருந்து ஏத்த முடியாதுங்கய்யா, தள்ளிப் போடோணும். தள்ளிப் போடறது நல்லதில்ல” என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது, தெய்வானை, சரிங்க என்றாள், கடையில் புளி இல்லை என்று சொன்னால் சொல்வது போல. நாளைக் காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் அந்த மெஷின் மேல் அவள் ஏறி நிற்க வேண்டும்.

தண்ணீர் காய்ந்து பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கிண்ணத்தை மேலே வைத்துத் துண்டுகளைப் போட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு துண்டின் விளிம்பு பளபளத்தது, கூர் மழுங்கியது, டாப்ஸ்லிப்பில் குளிப்பாட்டுகிற யானை ஓடைத் தண்ணீரில் முதலில் முன்னங்காலை மடித்து, அப்புறம் யோசித்து, அப்புறம் மொத்தமாகச் சாயுமே, அப்படி ஒவ்வொரு துண்டாகச் சாய்ந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் அவருக்கும் கண் சொக்கியது. நாளைக்கு அவள் ஏறி நிற்கும்போது முள் நடுங்கும். இல்லை, அங்கே முள் கிடையாது, எண்தான். சிவப்பாக எரிகிற எண். ஏறும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவைத்தால் ஐந்நூறு கிராம். மடியில் பீரோச் சாவிக் கொத்தைச் செருகிக்கொள்ளச் சொன்னால் நூற்றைம்பது. சில்லறையை முடிந்து வைத்தால்? சென்னியப்பன் சட்டென்று நிமிர்ந்தார். ஒரு காலத்தில் கிணத்துக்கடவுப் பக்கத்து வியாபாரி ஒருவன் கொப்பரை மூட்டைக்குள் கருங்கல் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தான். மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கிய அந்த நொடியிலேயே கை சொல்லிவிட்டது. எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொல்லி, கல்லை எடுத்து அவன் காலடியில் வைத்து, “இது உங்க தோட்டத்துல காய்ச்சதுங்களா?” என்று கேட்டார். கூடமே சிரித்தது. அவன் முகம் செத்துப்போனது. அவனுக்கும் வீட்டில் ஏதாவது இருந்திருக்குமோ. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. இன்றைக்கு அவரே மூட்டைக்குக் கல் தேடிக்கொண்டிருக்கிறார். தேடியும் பயனில்லை; கல்லை மெஷின் நம்பும், மருந்து நம்பாது. உள்ளே போகிற மருந்தைத் தாங்குவதற்கு உள்ளே சதை வேண்டும். அதற்கு அவள் சாப்பிட வேண்டும். நல்லாருக்குது என்று சொல்லாமல் சாப்பிட வேண்டும்.

வாணலியில் கடலையை வறுத்தார். கருகுகிறதா என்று மூக்கு சொல்லாது. நிறத்தைப் பார்த்தும், தோல் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டும்தான் இறக்க வேண்டும். இந்த ஒன்பது வாரத்தில் காதால் சமைக்கக் கற்றிருந்தார். கடலையை முறத்தில் கொட்டித் தேய்க்கும்போது, கொடைக்கானல் ஞாபகம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியாமல் வந்து உட்கார்ந்தது. கல்யாணமாகிப் பதினோராவது நாள். பழனி பஸ்ஸில் ஏறிப்போய், ஏரிக்கரையில் ஒரு சின்னக் கடை. வாசலில் கரும்பலகையில் ‘சூடான சாக்லேட்’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. அதுவரை இருவரும் சாக்லேட்டைக் கடித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். குடிக்கறதா, என்றாள். குடிக்கறதுதான், என்று தெரிந்தவர் மாதிரி சொன்னார். பனி. ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. பீங்கான் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவள் ஒரு வாய் குடித்தாள். அவருக்கு அது சொர்க்கமாக இருந்தது. மூக்கு அப்போது உயிரோடு இருந்தது. புதுப்புடவை வாசம், பனி வாசம், அந்தக் கருப்பு இனிப்பின் வாசம் எல்லாம் ஒன்றாக வந்தது. எப்படி இருக்குது என்று கேட்டார். அவள் எழுந்தாள். கல்லாவில் இருந்த பெரியவரிடம் போய், “ஏனுங்க, இந்தப் பால் அடி புடிச்சது. வேற பாத்திரத்துக்கு மாத்திக் காச்சியிருக்கறீங்க. ஆனாலும் தெரியுது” என்றாள். சென்னியப்பனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. பதினோரு நாள் பெண்டாட்டி. பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார், உள்ளே திரும்பிப் பார்த்தார். அங்கே கரி பிடித்த ஒரு பாத்திரம் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. புதிதாகப் பால் காய்ச்சி இன்னொரு கோப்பை வந்தது, அது சும்மா. அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். இப்பத்தான் உருப்படி, என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் அவர் கேட்ட பெரிய பாராட்டு அந்த ‘உருப்படி’தான். யமுனா பிறந்ததற்கும் அதைத்தான் சொன்னாள்.

இன்றைக்கு அதையே செய்திருக்கலாம், குடிக்கிற சாக்லேட். யமுனா கேட்டபோது, வேண்டாம், கடலை போட்டதே இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். பயம். அதே கோப்பையை அவள் கையில் கொடுத்து, அவள் குடித்து, நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டால், அப்புறம் ஏரிக்கரையும் போய்விடும், பனியும் போய்விடும். கடலைத் துண்டு போனால் கடலைத் துண்டோடு போகட்டும். கிண்ணத்தில் சாக்லேட் இப்போது முழுக்க உருகி, மழை நின்ற குட்டையில் வானம் தெரிவதுபோல் மேலே இருந்த விளக்கைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினார். கோடு விழுந்தது, மறைந்தது. விழுந்தது, மறைந்தது. எவ்வளவு நேரம் அப்படிச் சுற்றினாரோ. கண்ணை உயர்த்தியபோது சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, ஒரு பல்லி. வயிறு வெளுத்த பெரிய பல்லி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தெறந்து வெக்காதீங்க, தெறந்து வெக்காதீங்க, எத்தன தரம் சொல்றது, என்று அவள் குரல் உள்ளேயிருந்து கேட்டது. பக்கத்து அறையிலிருந்து அல்ல, முப்பத்தைந்து வருஷத்துக்குள்ளிருந்து. பால் குடித்தாலும் மூடு, மோர் மிஞ்சினாலும் மூடு, தண்ணீர்க் குடமானாலும் மூடு. இந்த வீட்டில் அவருக்குப் படிந்த ஒரே சமையல் பழக்கம் அது. கை தானாகவே எவர்சில்வர் தட்டை எடுத்துக் கிண்ணத்தை மூடியது. முறத்துக் கடலையை நுணுக்கி முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். பல்லி போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கினார். தட்டின் அடிப்புறம் முழுக்க வியர்த்திருந்தது. தூக்கிய வேகத்தில் வியர்வை ஓரத்துக்கு ஓடி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாலைந்து சொட்டு, உள்ளே.

கரண்டியை விட்டுக் கலக்கினார். கலக்கக் கலக்க அது கெட்டது. பளபளப்பு மாயமாகி, மழையில் நனைந்த கரம்பை மண் மாதிரி திரண்டு, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு, உதறினால் பொத்தென்று விழுந்தது. ஒரு சொட்டுப் படக்கூடாதுங்கப்பா. சென்னியப்பன் அடுப்பை அணைத்தார். அறுபத்திரண்டு வயதில், ஒரு கிண்ணம் சாக்லேட்டுக்காகக் கண் கரித்தது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கண்ணுக்கு அது சாக்லேட் என்று தெரியவில்லை. வேறு எதையோ கைதவறவிட்டதுபோல் இருந்தது. எதை மூட வேண்டும், எதைத் திறந்து வைக்க வேண்டும் என்று இந்த அடுக்களையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பக்கத்து அறையில் முப்பத்தொன்பதே முக்காலாகப் படுத்திருக்கிறாள். யமுனாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தார். ஆபீஸ் நேரம். எடுத்ததில் விரல் எங்கோ பட்டு, நிறுத்திய இடத்திலிருந்து அவள் பேச ஆரம்பித்தாள். “…ஒருவேள பட்டுருச்சுன்னா பதறாதீங்கப்பா. எனக்கும் மொதத் தடவ அப்படித்தான் ஆச்சு. கடலைக்கு ஆகாது, அவ்வளவுதான். பாலைக் கொதிக்கக் காச்சிக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க. சொட்டுத் தண்ணிதான் ஆகாது; நெறையப் பட்டா எளகிரும். நாட்டுச் சக்கரை போட்டு மத்துல நல்லாக் கடைஞ்சீங்கன்னா குடிக்கறதுக்கு ஆயிரும். மிக்ஸி போடாதீங்க, அம்மா முழிச்சுக்கும்.” அதற்கப்புறம் ஒரு பெருமூச்சு. “சாப்புட்டீங்களா அப்பா?” அத்தோடு முடிந்தது. இரண்டு நாளாக அந்தக் கேள்வி பதில் இல்லாமல் சட்டைப் பைக்குள் கிடந்திருக்கிறது.

பால் காய்ந்தது. அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே நின்றார், இந்த ஒன்றிலாவது. ஒரு கரண்டி ஊற்றினார். திரண்டது இன்னும் முரண்டு பிடித்தது. இரண்டாவது கரண்டி. மூன்றாவதில் ஓர் ஓரம் மட்டும் சரி என்று விட்டுக்கொடுத்தது. ஆக, குடிக்கிற சாக்லேட்தான் என்று ஆகிவிட்டது. அவர் வேண்டாம் என்று ஒதுக்கியது தானாக வந்து கிண்ணத்தில் உட்கார்ந்துகொண்டது. இனி மத்து. ஆணியில் இரண்டு மத்துகள் தொங்கின. இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில், மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது வாங்கியவை. ஒரே மரம், ஒரே கடைசல், ஒரே பழுப்பு. ஒன்று மோர் கடைய, இன்னொன்று பூண்டு போட்டு வேகவைத்த கீரை கடைய. மாற்றினால் வீடு இரண்டாகும். மரத்துல ஏறுன வாசம் எறங்காதுங்க என்பாள். மாறிவிடக்கூடாது என்றுதான் ஒன்றின் காம்பில் சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். எது என்று அவருக்கும் சொன்னாள். பேப்பர் படித்துக்கொண்டே, சரி சரி என்றார். சிவப்பு நூல், மோருக்கா, கீரைக்கா?

நல்லதற்குத்தானே அடையாளம் கட்டுவார்கள். விற்பனைக் கூடத்தில் முதல்தரக் கொப்பரை மூட்டைக்குத்தான் சிவப்புக் கயிறு. அப்படியானால் மோர். ஆனால் மின்சாரக் கம்பத்தில் சிவப்பு, தொடாதே என்பதற்கு. அப்படியானால் கீரை. இரண்டையும் மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்தார். மரம். வெறும் மரம். மறுபடியும் இழுத்தார். மரம்கூட இல்லை, காற்று. எழுப்பிக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வாள் என்பது தெரியும். அதைக் கேட்கத்தான் பயம். எதுலயோ ஒண்ணுல கடையுங்க, என்பாள். அவள், தெய்வானை, எதுலயோ ஒண்ணுல என்று சொல்வாள். சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். போன மாதம் மோதிரம் விரலில் நிற்கவில்லை, கழன்று கழன்று படுக்கையில் விழுந்தது என்று, இதே நூற்கண்டிலிருந்து நூல் எடுத்து மோதிரத்தின் அடியில் சுற்றிக்கொண்டாள். எட்டுச் சுற்றுப் போதுமுங்க, என்றாள். பதினைந்து நாள் கழித்து இன்னும் நாலு சுற்றுச் சுற்றினாள். அதுவும் அடையாளம்தான். விட்டுப் போகக்கூடாததற்குத்தான் அவள் நூல் சுற்றுகிறாள்; அப்படியானால் மோர்தான். சென்னியப்பன் சிவப்பு நூல் கட்டிய மத்தை எடுத்தார். வெந்நீரில் மூன்று தரம் கழுவி, துண்டால் ஈரம்போகத் துடைத்து, கிண்ணத்தில் இறக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே காம்பை வைத்து உருட்டினார்.

சர், சர், சர். மத்து இந்தப் பக்கம் சுற்றி அந்தப் பக்கம் திரும்பியது. கட்டிகள் கரைந்து, பால் கருத்து, கருப்பு வெளுத்து, இரண்டும் சேர்ந்து ஆழியாற்றுப் புதுவெள்ளத்தின் நிறத்துக்கு வந்தன. நாட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட்டார். மனசு கேட்காமல் இன்னும் ஒரு கரண்டி. உள்ளங்கை சூடேறியது. நுரை ஓரத்திலிருந்து புறப்பட்டு மெதுவாக நடுவுக்கு நடந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுகள் சாரலில் அசைந்தன. அவை அசைகின்றனவா, தன் கை அசைவதில் அப்படித் தெரிகிறதா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. நாளை பத்து மணி என்பது எங்கோ மலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. ஏரி இருக்கிற இடம் தெரியவில்லை. பீங்கான் கோப்பையைப் பொத்திய இரண்டு கை மட்டும், புது மஞ்சள் மாறாமல், ஒரு மோதிரம், நூல் சுற்றாத மோதிரம். சர், சர். இது இப்படியே முடியாமல் இருந்தால் போதும். கடைந்துகொண்டே இருக்கலாம், அவள் தூங்கிக்கொண்டே இருக்கலாம், யாரும் யாரையும் எதன்மீதும் ஏற்றி நிறுத்த வேண்டாம். நுரை கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது. சென்னியப்பன் நிறுத்தினார். எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். வெறும் டம்ளர் நூற்றி இருபது, என்றது கை. நுரையோடு ஊற்றித் தூக்கினார். முந்நூற்றி நாற்பது. சரி, பேசாமல் இரு, என்றார் கையிடம்.

தெய்வானை விழித்திருந்தாள். தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலைத் துணியைச் சரிசெய்தபடி திரும்பினாள்.

“அடுக்களைல என்னங்க சத்தம், இத்தன நேரமா?”

“ஒண்ணுமில்ல. யமுனா வாங்கி வெச்சுட்டுப் போன சாக்லேட்டு. குடிக்கறதுக்குப் பண்ணுனேன்.”

“குடிக்கறதுக்கா?” என்றாள். கொடைக்கானல் அவளுக்கு ஞாபகம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நுரையை ஊதி ஒதுக்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

சென்னியப்பன் கட்டில் காலருகே நின்றார். அந்தச் சொல் வரப்போகிறது. வந்துவிட்டுப் போகட்டும். தராசு முள் ஆடி நிற்கிற வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பாரே, அப்படி நின்றார். அவள் விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டே கண்ணைச் சுருக்கினாள். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. ஆறு வாரமாக அவர் பார்க்காத கோடு. விழுங்கினாள்.

“ஏனுங்க.”

“ம்.”

“இத எதுல கடைஞ்சீங்க?”

“மத்துலதான்.”

“மத்துலதான்னா, எந்த மத்துல?”

சென்னியப்பன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

“செவப்பு நூல் கட்டுனதுலயா?”

“மூணு தரம் வெந்நித் தண்ணி ஊத்திக் கழுவுனேன், தெய்வானை.”

“கழுவுனாப் போயிருமாக்கும். அது கீரை மத்துங்க. பூண்டு வாசம் கொடலப் புடுங்குது.” டம்ளரை முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள். “சாக்லேட்டுல பூண்டு. யாராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க. அதுக்குன்னுதானே நூலு கட்டி வெச்சு, உங்ககிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? சரி சரின்னு தலைய ஆட்டுனீங்களே, அது பேப்பருக்கு ஆட்டுனதா?”

அவர் கட்டிலின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் அது போய்விடுமோ என்று இருந்தது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த குருவியைப் பார்க்கிறவர் மாதிரி தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவள் இன்னொரு வாய் குடித்தாள். சந்தேகம் தீரட்டும் என்று குடித்ததுபோல் இருந்தது. “பூண்டேதான்” என்றாள். “கடைசியா எப்பக் கீரை கடைஞ்சேன் நானு?”

“வைகாசில. நீ கடைஞ்சதுதான். அதுக்கப்பறம் இந்த வீட்டுல கீரையே இல்ல.”

“வைகாசில கடைஞ்ச பூண்டு.” டம்ளருக்குள் பார்த்தாள். விசிறி சுற்றியது. மறுபடியும் குடித்தாள், இந்தத் தடவை மெதுவாக, நாக்கில் ஏதோ தேடுகிறவள்போல. “சக்கரை ஒரு கரண்டி அதிகம். கை நடுங்கியிருக்கும் உங்களுக்கு.” குடித்தாள். “கடலை வறுத்தீங்களா? கொஞ்சம் கருகவுட்டுட்டீங்க, உங்க சட்டைல அடிக்குது.” குடித்தாள். “அந்த மத்த வெயில் வந்ததும் காயவெய்யுங்க. அப்படியே ஆணில மாட்டீராதீங்க.”

“சரி.”

“பேப்பருக்குச் சொல்ற சரியா, எனக்குச் சொல்ற சரியா?”

“உனக்குச் சொல்றதுதான். இதக் குடு, கொட்டீட்டு, அந்த மோர் மத்துல வேற கடைஞ்சு தர்றேன்.”

“கொட்டறதா? ஆனைமலைச் சாக்லேட்ட?” டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அண்ணாந்து, கடைசிவரை ஊற்றிக்கொண்டாள். மேலுதட்டில் ஒட்டிய நுரையைப் புறங்கையால் துடைத்தபோது, மோதிரத்தில் சுற்றியிருந்த சிவப்பு நூலில் பழுப்பாக ஒரு கறை பட்டது. அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தப்பறம் கடையுங்க. நானும் வந்து நின்னுக்கறேன். உங்களத் தனியா உட்டா மொளகாத்தூள்லயும் கடைவீங்க.”

“அடியாவது புடிச்சுருச்சா?” என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “இல்ல” என்றாள். “அது ஒண்ணுதான் உருப்படி.”

டம்ளரை நீட்டினாள். சென்னியப்பன் உள்ளே பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கை சொன்னது: நூற்றி இருபது.